அப்பாவின் இடப்பக்கம்

காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை வானொலியில் பேசுவது என் வேலை. வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுகிறவர்கள், இரவு முழுக்க லோரி ஓட்டிவிட்டு வீடு திரும்புகிறவர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். நான்கு மணி நேரம் விடாமல் பேசுகிறவனுக்கு எதையாவது சொல்ல வாய் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் என் அப்பாவிடம் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

"அப்பா, இனிமே காடி ஓட்டாதீங்க."

அவ்வளவுதான். நான்கு சொல். பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறையில் மூன்று ஆண்டு படித்திருக்கிறேன். கஷ்டமான கேள்வியை எப்படி நயமாகக் கேட்பது என்று அங்கே சொல்லித் தந்தார்கள். முப்பது வருடம் திரேலர் ஓட்டிய அப்பாவிடம் சாவியைக் கேட்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் வீடு தாப்பாவில் இருக்கிறது. நான் இருப்பது கோலாலம்பூரில். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பிக் கொண்டிருந்தபோதுதான் அம்மா போன் செய்தார்.

"சாகாவோட இடப்பக்கக் கண்ணாடி மறுபடியும் போச்சுப்பா. மூணாவது தடவ. கேட்டா, எவனோ வந்து இடிச்சிட்டுப் போய்ட்டான்னு சொல்றாரு. நீ வந்து பேசு. நான் சொன்னா சண்டதான் வருது."

சரி என்றேன். போனேன். கண்ணாடியைப் பார்த்தேன். புதுக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தேன். அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

அந்தப் பயணத்தில் என் காடியின் பின் இருக்கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஒரு ரிமோட் லோரி. ஈப்போவில் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியது. ஜப்பானின் தாமியா நிறுவனம் செய்த கிங் ஹாலர். என் வயதுக்காரர்களுக்குத் தாமியா என்றால் ஞாபகம் வருவது சின்னக் கார்கள்தான். இரண்டு பேட்டரி போட்டு, பலகைத் தடத்தில் விட்டால் சுவரில் மோதும் வரை ஓடும். தொண்ணூறுகளில் தமிழ்ப்பள்ளி வாசலில் அதை வைத்திருந்தவன்தான் ராஜா. என்னிடம் ஒன்றுகூட இருந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டு எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020ஆம் ஆண்டில், முப்பது வயதைத் தாண்டிய நான் ரிமோட் லோரிக் காணொளிகளில் விழுந்தேன்.

தாமியா 1946இல் மரம் அறுத்து விற்கும் கடையாகத் தொடங்கிய நிறுவனம். பிறகு மரத்தில் மாதிரிக் கப்பல்களும் கார்களும் செய்யத் தொடங்கி, பிளாஸ்டிக்குக்கு மாறி, 1976இல் முதல் ரிமோட் காரை விற்றது. 1993இல் வந்ததுதான் கிங் ஹாலர். அசல் லோரியைப் பதினான்கில் ஒரு பங்காகக் குறைத்தது. உள்ளே மூன்று கியர் உண்டு. ரிமோட்டிலிருந்தே கியர் மாற்றலாம். மூன்றாவது கியரில் வேகம், முதல் கியரில் இழுவை.

அதை வீட்டுக் கூடத்தில் ஓட்டிக் காட்டினேன். அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்தார். சோபாவைச் சுற்றி வந்து அவர் காலடியில் நிறுத்தினேன்.

"தல மட்டும் ஓடுது. பின்னால எங்க?"

"பின்னால தனியா வாங்கணும்பா."

"வெறும் தலய ஓட்டிக்கிட்டு எங்க போவ? சம்பளம் பின்னாலதான்டா இருக்கு."

திரேலர் ஓட்டுகிறவர்கள் முன்பக்கத்து இழுவை வண்டியைத் தலை என்றுதான் சொல்வார்கள். சரக்கு ஏறுவது பின்னால். அப்பா பதினேழு வயதில், தாப்பா பக்கத்துத் தோட்டமொன்றில் பால் லோரிக்குக் கெலிண்டானாகப் போனவர். கித்தா மரங்களில் இறங்கிய பாலைத் தொட்டியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் லோரி அது. தோட்டம் கை மாறி, மரங்கள் போய் செம்பனை வந்தபோது, அவர் லைசன்ஸ் எடுத்துத் திரேலருக்கு வந்துவிட்டார். ஈப்போ பக்கத்துச் சிமெண்டை ஏற்றிக்கொண்டு தெற்கே போவார். வரும்போது கிள்ளான் துறைமுகத்திலிருந்து எதையாவது ஏற்றி வருவார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வடக்குக்கும் தெற்குக்கும் போகிற லோரிகள் எல்லாம் தாப்பா பட்டணத்தின் வழியேதான் போகும். அதனால் அப்பா வாரத்தில் இரண்டு முறையாவது சாலையோரம் திரேலரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவார். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அப்போது எனக்கு ஆறு வயது. நாட்டுக்குப் பெரிய நன்மை. ஆனால் அதன்பின் அப்பா ஊரைத் தாண்டியே போனார். தாப்பா ஓய்வு நிலையத்தில் வண்டியை நிறுத்திக் கண் அசந்துவிட்டு, விடிவதற்குள் கிளம்பிவிடுவார். வீட்டுக்கும் அந்த இடத்துக்கும் சில கிலோமீட்டர்தான். ஆனால் வெளியேறி, வந்து, திரும்பி ஏறினால் நேரம் போய்விடும். எங்களுக்குள் பேச்சு குறைந்தது அப்போதிலிருந்துதான் என்று நினைக்கிறேன். சண்டை எதுவும் இல்லை. பழக்கம் விட்டுப் போனது, அவ்வளவுதான்.

"பின்னால செய்யலாமா?" என்று நான் கேட்டேன். கடையில் விற்கும் திரேலரின் விலை என் ஒரு மாத வீட்டு வாடகையை விட அதிகம். அது ஒரு காரணம்.

அப்பா மேசை மேலிருந்த மின்சாரக் கட்டண உறையை எடுத்து அதன் பின்பக்கம் கோடு போட ஆரம்பித்தார்.

அவர் ஓட்டியது நாற்பது அடித் திரேலர். நாற்பது அடி என்றால் 12.19 மீட்டர். பதினான்கால் வகுத்தால் 87 சென்டிமீட்டர். அகலம் 17 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். திரேலரின் அடியில் தொங்கி, தலையின் மேலுள்ள தட்டில் போய் மாட்டிக்கொள்ளும் முளைக்குக் கிங் பின் என்று பெயர். அசலில் இரண்டு அங்குலத் தடிமன். முப்பது டன்னையும் இழுப்பது அந்த இரண்டு அங்குலம்தான். பதினான்கால் வகுத்தால் மூன்றரை மில்லிமீட்டர் சொச்சம், ஒரு திருகாணி அளவு.

எடைக் கணக்கில்தான் நான் தப்பு செய்தேன். 28 டன் சரக்கைப் பதினான்கால் வகுத்து, இரண்டு டன் வருகிறதே என்று விழித்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றுமே குறைவதால் மூன்று முறை வகுக்க வேண்டும். பதினான்கை மூன்று முறை பெருக்கினால் 2744. 28 டன்னை அதனால் வகுத்தால் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

"பத்து கிலோவா? ஒரு மூட்ட அரிசி" என்றார் அப்பா. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என் அரிசியத் தொடக்கூடாது" என்றார்.

வேலை தொடங்கியது. ஒரே விதி வைத்துக்கொண்டோம். திருகாணி, பசை தவிர வேறு எதையும் புதிதாக வாங்குவதில்லை.

சட்டத்துக்கு, தாமானில் சன்னல் மாட்டுகிறவரிடம் அலுமினியச் சட்டத் துண்டுகள் கிடைத்தன. சறுக்குச் சன்னலின் அடிச்சட்டம், இருபுறமும் மடிந்து வலுவாக இருந்தது. அச்சுக்கு, என் அக்கா வீட்டில் செத்துக் கிடந்த பிரிண்டரைப் பிரித்தோம். மை கக்கும் தலை இங்கும் அங்கும் ஓடுமே, அது ஓடுவதற்கென்று உள்ளே ஒரு இரும்புக் கம்பி உண்டு. கண்ணாடி மாதிரி வழவழப்பு. எட்டு மில்லிமீட்டர் தடிமன். பேரிங்குக்கு அக்கா மகன் உதவினான். சில வருடங்களுக்கு முன் பிள்ளைகள் எல்லாம் விரலில் வைத்துச் சுற்றிக் கொண்டிருந்தார்களே, அந்தச் சுழலிகள் ஒரு டப்பா நிறைய அவனிடம் கிடந்தன. அவற்றின் நடுவில் இருப்பது ஸ்கேட் பலகைச் சக்கரத்தில் போடும் அதே பேரிங். உள்துளை சரியாக எட்டு மில்லிமீட்டர். பிரிண்டர் கம்பி அதில் நுழைந்தபோது அப்பா சிரித்ததை நான் பார்த்தேன். செய்தவன் யாரோ, சேர்த்தவன் யாரோ, அளவு ஒன்றாக இருந்தது.

சக்கரங்கள், லோரியோடு ஒரு பையில் வந்த எட்டு. ஸ்பிரிங் பட்டைக்கு, சரக்குப் பெட்டிகளை இறுக்கிக் கட்டும் இரும்புப் பட்டியை நீளம், நடுத்தரம், குட்டை என்று மூன்றாக வெட்டி அடுக்கினோம். நான் இரண்டு அச்சுக்கும் தனித்தனியாகப் பட்டை வைத்தேன். மேடு பள்ளத்தில் விட்டால் ஒரு அச்சு அந்தரத்தில் நின்றது. அப்பா இரண்டு பட்டைகளுக்கும் நடுவே சீசாப் பலகை மாதிரி ஒரு சின்ன இரும்பை வைத்து, நடுவில் ஆணி அடித்தார். முன்னச்சு மேட்டில் ஏறினால் பின்னச்சு தானாக இறங்கிக்கொண்டது. பாரம் இரண்டுக்கும் சமமாகப் போயிற்று. அசல் திரேலரின் அடியிலும் அப்படித்தான் இருக்குமாம். முப்பது வருடம் அதன் அடியில் படுத்து எழுந்தவருக்குப் படம் தேவைப்படவில்லை.

முதல் முறை தலையிலிருந்து கழற்றியதும் எங்கள் திரேலர் மூக்கு குப்புற விழுந்தது. கால் வைக்க மறந்திருந்தேன்.

"கால் இல்லாத திரேலர எவன்டா கழட்டுவான்?"

பழைய குடையின் கம்பியில் இரண்டு கால் முளைத்தது.

பிறகு அரிசி மூட்டை ஏறியது. அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம். நான் மூட்டையைப் பின்பக்கமாகத் தள்ளி வைத்தேன். லோரியின் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. மூட்டையை முன்னால் இழுத்து வைத்ததும் கிளம்பியது. பாரம் பின்னச்சுக்கும் பின்னால் போனால் திரேலரின் மூக்கு தலையை மேலே தூக்கும், இழுக்கிற சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விடும் என்று அப்பா விளக்கினார். கேமரன் மலைச் சாலையில் காய்கறி லோரிக்கு ஆள் இல்லாதபோது சில மாதம் ஓட்டினாராம். எனக்கு அது தெரியாது. ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை நம்பி இறங்கினால் லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு வருவதற்குள் பிரேக் கருகும் வாடை வந்துவிடும் என்றார். அந்த அருவியில் நான் எத்தனை முறை குளித்திருக்கிறேன்! அப்பாவோடு ஒரு முறைகூட இல்லை.

இப்படியே வாரங்கள் போயின. அப்பாவும் நானும் இத்தனை நேரம் ஒன்றாக உட்கார்ந்தது என் வாழ்நாளில் இல்லை. அந்த வாக்கியம் மட்டும் என் தொண்டையிலேயே இருந்தது.

விஷயம் இதுதான். அதற்கு முன்பே ஒரு நாள் அப்பாவைக் கண் மருத்துவரிடம் நான்தான் கூட்டிப் போனேன். கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரங்களில் எங்காவது வெளிச்சம் மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். முடிவில் ஒரு தாள் வந்தது. இரண்டு கண்ணிலும் கருப்புத் திட்டுகள். இடது கண்ணில் மிக அதிகம். கிளைக்கோமா. கண்ணுக்குள் இருக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை மெல்ல மெல்லக் கெடுக்கிற நோய். பெரும்பாலானவர்களுக்கு வலி இருக்காது. முதலில் போவது ஓரப் பார்வை. நடுப் பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும். அதனால் நோயாளிக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

"ஓட்டுவதை நிறுத்திவிடுவது நல்லது" என்று மருத்துவர் சொன்னார். அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், "அந்த டாக்டருக்கு என்னா தெரியும்? ரோட்டுல இருக்குற நம்பர் பிளேட்ட நான் படிக்கிறேன், நீ படி பாப்போம்" என்றார். படித்தார். சரியாகத்தான் படித்தார். அதுதான் இந்த நோயின் தந்திரம். மறுநாள் காலை வழக்கம்போல் சாவியை எடுத்துக்கொண்டு ஒட்டுக்கடைக்குக் கிளம்பினார். அங்கே பழைய ஓட்டுநர் நண்பர்கள் நான்கைந்து பேர் அவருக்காகத் தேநீரோடு காத்திருப்பார்கள்.

நம் நாட்டில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். மோட்டாரில் போகிற பிள்ளைகள் நுழைந்து வருவது இடப்பக்கம். இடது கண்ணாடி மூன்று முறை உடைந்ததற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை உடைவது கண்ணாடியாக இருக்காது என்பதும் தெரியும். காலையில் சாலை விபத்துச் செய்தியை வாசிக்கும்போதெல்லாம் தாப்பா என்ற பெயர் வந்துவிடுமோ என்று அடிவயிறு கலங்கும். அப்படியும் சொல்லவில்லை. கோழைத்தனம் என்பதற்கு வேறு நல்ல பெயர் இருந்தால் சொல்லுங்கள்.

திரேலர் முடிந்த சனிக்கிழமை மாலை, அப்பா ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தருவதாகச் சொன்னார். போர்ட்டிகோவில் சாக்கட்டியால் இரண்டு கோடு கிழித்து, அதுதான் சரக்கு இறக்கும் மேடை என்றார். இரு பக்கமும் சுவருக்குப் பதில் சாடிகள். வலப்பக்கம் கற்றாழை, இடப்பக்கம் துளசி. மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

திரேலரைப் பின்னால் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? திரேலர் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டீரிங்கை முதலில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். திரேலர் திரும்பத் தொடங்கியதும் தலை அதன் பின்னாலேயே போக வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் இரண்டும் கத்தரி மாதிரி மடங்கிக்கொள்ளும். நான் ஒன்பது முறை மடக்கினேன்.

"அவசரப்படாத. திரேலர் என்னா சொல்லுதுன்னு பாரு. நீ சொல்றத அப்பறம் சொல்லு" என்று ரிமோட்டை வாங்கினார்.

வலப்பக்கத்திலிருந்து வளைத்து வந்து, கற்றாழையை ஒரு விரல் இடைவெளியில் தாண்டி, ஒரே மூச்சில் கோட்டுக்குள் நிறுத்தினார். நிறுத்தியபின் சக்கரத்தை நேராக்கவும் மறக்கவில்லை. நான் கை தட்டினேன்.

"இப்ப இந்தப் பக்கத்துலேர்ந்து."

இடப்பக்கத்திலிருந்து வளைத்தார். திரேலரின் பின்மூலை துளசிச் சாடியில் மோதியது.

"சாடிய யாரு நவுத்தினது?"

யாரும் நகர்த்தவில்லை. சாடி இருந்த இடத்தில்தான் இருந்தது. அப்பாவின் கண்கள் திரேலரைப் பார்த்துக்கொண்டிருந்தன. சாடி அவருக்கு இடப்பக்கம், இரண்டு முழம் தள்ளி இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "இன்னொரு தடவ எடுங்கப்பா" என்றேன். அப்படிச் செய்தது சரியா, தப்பா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

மறுபடியும் மோதியது. இம்முறை சாடி சாய்ந்து மண் கொட்டியது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. ரிமோட்டை மடியில் வைத்தார். நேரே எதிர் வீட்டுக் கேட்டைப் பார்த்தபடி, இடது கையைப் பக்கவாட்டில் முழுக்க நீட்டினார். விரல்களை ஆட்டிக்கொண்டே கையை மெல்ல முன்பக்கமாகக் கொண்டுவந்தார். பாதி தூரம் தாண்டியும் நிறுத்தவில்லை. ஏறக்குறைய முகத்துக்கு எதிரே வந்த பிறகுதான் கை நின்றது. பிறகு வலது கையை அதேபோல நீட்டினார். அது சீக்கிரமே நின்றுவிட்டது. மறுபடியும் இடது கை. மறுபடியும் அதே இடம்.

உள்ளே தொலைக்காட்சியில் அம்மாவின் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த டாக்டர் என்னா சொன்னாரு? மறுபடியும் சொல்லு" என்றார்.

சொன்னேன். கருப்புத் திட்டுகள், நரம்பு, ஓரப் பார்வை, திரும்பாது என்பது, மருந்து, எல்லாவற்றையும். கடைசியில் அந்த நான்கு சொல்லையும் சொன்னேன். ஒலிவாங்கி முன்னால் ஒருநாளும் நடுங்காத குரல் நடுங்கியது.

அவர் அழுவார் அல்லது கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"சரி. புதன்கிழம உங்கம்மாவ யாரு பசாருக்குக் கூட்டிப் போவா? வெள்ளிக்கிழம கோயிலுக்கு? காலைல நான் டீ குடிக்க எப்படிப் போவேன்?"

என்னிடம் பதில் இல்லை. ஏழு மாதமாக அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வது என்று மட்டுமே யோசித்திருக்கிறேன். சொன்ன பிறகு என்ன செய்வது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. சாவியை வாங்குவது என்றால் ஒரு மனிதரின் புதன்கிழமையையும் வெள்ளிக்கிழமையையும் காலைத் தேநீரையும் சேர்த்து வாங்குவது. பதிலுக்கு எதையாவது கையில் கொடுக்க வேண்டாமா?

அன்றிரவு அக்காவும் வந்தார். அட்டவணை ஒன்று போட்டோம். புதன்கிழமை அக்கா. வெள்ளிக்கிழமை மாலை நான், அதற்காக மதியக் கூட்டத்தை வியாழனுக்கு மாற்றிக்கொண்டேன். காலைத் தேநீருக்கு, ஒட்டுக்கடை நண்பர்களில் ஒருவர் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறார். விஷயத்தைச் சொன்னதும், "இத முன்னமே சொல்லக் கூடாதா? நான் தெனமும் வந்து ஏத்திக்கிறேன்" என்றார். ஏழு மாதம் நான் மென்று விழுங்கியதற்கு விடை பக்கத்துச் சாலையிலேயே இருந்திருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மழை நாளில் நண்பர் வர மாட்டார். அப்போது அப்பா திண்ணையில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று அம்மா சொல்வார். ஒரு முறை கோபத்தில், "என்னா, நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாகாவை நான் ஓட்ட, அவர் முதல் முறையாக இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வந்தார். ஒவ்வொரு சந்திப்பிலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.

அன்பான வாசகர்களே, உங்கள் வீட்டிலும் நாற்பதைத் தாண்டியவர்கள் இருந்தால் கண் அழுத்தத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பது போதாது, ஓரம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த நோய் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். அக்காவும் நானும் பார்த்துக்கொண்டோம். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடா வருடம் வாருங்கள் என்றார் மருத்துவர்.

திரேலர் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஐஸ்கிரீம் குச்சிகளை இழைத்து அப்பா அதற்குப் பக்கப் பலகை செய்துவிட்டார். பழைய மழைக்கோட்டை வெட்டி அம்மா கித்தான் தைத்துக் கொடுத்தார். போர்ட்டிகோவில் ரிவர்ஸ் எடுக்கும்போது அக்கா மகன் அப்பாவின் இடப்பக்கம் நிற்கிறான். அவன்தான் கெலிண்டான். "தாத்தா, சாடி! தாத்தா, நிப்பாட்டு!" என்று கத்துவது அவன் வேலை. சம்பளம் ஒரு மைலோ.

நேற்று நிகழ்ச்சி முடிந்து ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு வெளியே வந்ததும் போன் அடித்தது. அப்பா. முன்பெல்லாம் அம்மாதான் போன் செய்வார்.

"ஏன்டா, மட்கார்டுக்குத் தகரம் கேட்டேனே, கெடச்சுதா? வரும்போது எடுத்துட்டு வா. பின் சக்கரத்துக்கு மொத்தம் நாலு. மறந்துடாத."

தகரம் கிடைத்துவிட்டது. பால் டின் ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேண்டும்.